யூஆர்எல் லைப்ரரியில் தமிழ் டொமைன்: முதல்முறை கைவைப்பவர்களுக்கு

சோளிங்கர் மலையடிவாரத்தில் என் சித்தப்பா பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடைக்கு ஒரு டொமைன் வாங்கலாம் என்று உட்கார்ந்தபோது அவர் கேட்டது இது: “போர்டுல பேரு தமிழ்ல கீது, பில்லுல தமிழ்ல கீது, இதுல மட்டும் இன்னாத்துக்குப்பா இங்கிலீஷு?” நியாயமான கேள்வி. ஊர்ப்பெயரையும் சேர்த்து, கடைசியில் .இந்தியா என்று வரும்படி தமிழிலேயே வாங்கினோம். பிரவுசரில் தட்டினால் உடனே திறந்தது.

வேலூரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சுற்றுவட்டாரக் கடைகளுக்கு ஒரு பட்டியல் நடத்துகிறோம், அதில் இந்தக் கடையைச் சேர்த்தபோதுதான் சிக்கல். கடை இரண்டு தடவை வந்து நின்றது. இரண்டு வரியிலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே பெயர்தான். ஒன்று சித்தப்பா போனில் தட்டி அனுப்பியது, இன்னொன்று பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய ஒரு கோப்பிலிருந்து வந்தது. யூனிகோட் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் வைத்திருக்கிறது, அதுதான் குறியெண். இரண்டிலும் சோளிங்கர் என்ற ஊர்ப்பெயரைக் குறியெண் குறியெண்ணாகப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றில் 9, இன்னொன்றில் 10. வித்தியாசம் முதல் எழுத்தான ‘சோ’வில் இருந்தது. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாக எழுதலாம், அதன் எண் 3019. அதையே இரட்டைக் கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே ‘சோ’தான். எங்கள் நிரலோ ஸ்ட்ரிங்கை (அதாவது இந்தக் குறியெண் வரிசையை) ஸ்ட்ரிங்கோடு அப்படியே ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் முழுக்கப் போயிற்று. காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஓப்பன் சோர்ஸ் பழகும் பிள்ளைகள், இணைய முகவரியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் படிக்கும் நிரலான யூஆர்எல் பார்சர் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது என்று முழிக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு நாள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றே ஒன்று: டொமைன் பெயரை வாசலிலேயே, ஒரே இடத்தில், சரியான வரிசையில் மாற்றிவிடுங்கள், உள்ளே வந்த பிறகு யாரும் அதைத் தொடவேண்டாம்.

முதலில் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டொமைன் பெயரை வைத்து சர்வரைத் தேடிக் கொடுக்கும் அமைப்புதான் டிஎன்எஸ். அதன் வழக்கத்தில் ஒரு ஹோஸ்ட் பெயர் (யூஆர்எல்லில் சர்வரைக் குறிக்கும் பகுதி) என்றால் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் லேபிள் என்று பெயர், ஒரு லேபிள் 63 எழுத்தைத் தாண்டக்கூடாது. தமிழ்ப் பெயரை இதற்குள் அடக்க 2003-ல் ப்யூனிகோட் என்ற முறை வந்தது. ஒவ்வொரு குறியெண்ணும் முந்தையதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசையாக அது மாற்றும். மாற்றிய லேபிள் எக்ஸ், என், அப்புறம் இரண்டு சிறுகோடு என்று தொடங்கும்.

வேலூர் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஆறு குறி: வ, இரட்டைக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. குறியெண்களைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். அதைப் பர்சென்ட் என்கோடிங் செய்தால், அதாவது ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு மூன்று எழுத்தாக எழுதினால், 54 எழுத்து. ப்யூனிகோடாக மாற்றினால் முன்னொட்டையும் சேர்த்து 15 எழுத்து. ஒரே பெயருக்கு 3, 6, 18, 54, 15 என்று ஐந்து நீளம். நீளத்தைச் சோதிக்கும் ஒரு வரியை எழுதும்போது இவற்றில் எதை எண்ணுகிறீர்கள் என்று உங்களுக்கே தெளிவாக இருக்க வேண்டும். டிஎன்எஸ் சொல்லும் 63 என்பது கடைசியாக வந்த அந்த 15-க்கான வரம்பு, அதனால் மாற்றிய பிறகுதான் எண்ண வேண்டும்.

முதல் படி: உடைத்துவிட்டு மாற்றுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, முழு யூஆர்எல்லையும் தூக்கி ப்யூனிகோட் ஃபங்க்ஷனில் போடுவது. அதற்கு நேர் எதிரான தவறு, முழு யூஆர்எல்லையும் பர்சென்ட் என்கோடிங் செய்வது. ஒரு யூஆர்எல்லில் ஹோஸ்டுக்கு ஒரு விதி, பாதைக்கும் கேள்விப் பகுதிக்கும் வேறு விதி. ஹோஸ்ட் ப்யூனிகோடாகும். பாதையில் தமிழ் இருந்தால் அது யூடிஎஃப்-8 பைட்களாகிப் பர்சென்ட் குறியோடு நிற்கும். ஆகவே ஸ்கீம் (எச்டிடிபிஎஸ் போன்ற தொடக்கம்), பயனர் பெயர், ஹோஸ்ட், போர்ட், பாதை என்று முதலில் உடைத்துவிட்டு, ஹோஸ்டை மட்டும் தனியாகக் கையில் எடுங்கள்.

ஹோஸ்டே சில சமயம் பர்சென்ட் குறிகளோடு வரும், யாரோ ஒரு இடத்தில் என்கோட் செய்து அனுப்பியிருப்பார்கள். பிரவுசர்கள் பின்பற்றும் யூஆர்எல் தரத்தில் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் பர்சென்ட் குறிகளை அவிழ், அதை யூடிஎஃப்-8 ஆகப் படி, அப்புறம் ஆஸ்கிக்கு (வெறும் ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டுமான ப்யூனிகோட் வடிவத்துக்கு) மாற்று, அதன் பிறகு ஹோஸ்டில் இருக்கக்கூடாத குறிகள் உண்டா என்று பார், கடைசியில் அது ஐபி முகவரியா (எண்ணாலேயே எழுதிய கணினி முகவரியா) என்று பார். இந்த வரிசையைக் கலைக்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ரெஜெக்ஸைச் சந்தேகப்படுங்கள்

ரெஜெக்ஸ் என்பது ஒரு ஸ்ட்ரிங்கில் எந்தெந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் மாதிரி வரி. இங்கேதான் தமிழ் அதிகமாக அடிபடுகிறது. டொமைனில் பன்மொழி வேண்டும் என்று ஒருவர் நல்ல மனதோடு ரெஜெக்ஸை விரிவாக்குவார், யூனிகோடில் எழுத்து வகை என்று இருப்பதை எல்லாம் அனுமதிப்பார், ஜெர்மன், பிரெஞ்சுப் பெயர்களை வைத்து டெஸ்ட் எழுதுவார், எல்லாம் தேறிப் பச்சையாகிவிடும். அந்த மொழிகளில் குறியோடு கூடிய எழுத்து பெரும்பாலும் ஒரே யூனிகோட் எழுத்தாக இருப்பதால் பிரச்சினை வராது. தமிழில் கொம்பு, கால், விசிறி, புள்ளி எதுவும் எழுத்து வகையில் சேராது, யூனிகோட் அவற்றைக் குறி என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. அந்த ரெஜெக்ஸில் ‘சோளிங்கர்’ என்பதை விட்டுப் பாருங்கள், ச, ள, ங, க, ர மட்டும் தேறும். ‘வேலூர்’ வலர ஆகிவிடும். பைத்தானின் ரெஜெக்ஸில் சொல்லில் வரும் எழுத்தைக் குறிக்கும் குறியீடும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் அதே குறியீடு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தாண்டிப் போகவே போகாது.

இதனால்தான் பல இடங்களில் தமிழ் முகவரியை ஒட்டினால் லிங்க் முதல் எழுத்தோடு அறுந்து, மீதி சாதாரண எழுத்தாகக் கிடக்கிறது. ரெஜெக்ஸ் கட்டாயம் வேண்டும் என்றால் எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்த்து அனுமதியுங்கள். என்னைக் கேட்டால் ஹோஸ்டுக்கு ரெஜெக்ஸே வேண்டாம். மாற்றிப் பாருங்கள், மாறினால் சரி, பிழை வந்தால் தவறு. அதுதான் உண்மையான சோதனை.

மூன்றாம் படி: எந்த விதிப்படி மாற்றுவது

ஆங்கிலமல்லாத டொமைன் பெயர்களை எப்படி மாற்றுவது என்று சொல்லும் ஐடிஎன்ஏ என்ற விதித்தொகுப்பு இரண்டு உண்டு. முதலாவது 2003-ல் வந்தது. அடுத்தது 2008 என்று பெயர் பெற்றாலும் ஆவணங்களாக வெளிவந்தது 2010-ல். இரண்டுக்கும் நடுவே பாலம் போட யூனிகோட் அமைப்பு வெளியிட்ட விதி யூடிஎஸ் 46. பிரவுசர்கள் போவது இந்தப் பாலத்தின் மேல்தான், நீங்களும் அதிலேயே போங்கள்.

2003 விதி யூனிகோட் 3.2 பதிப்போடு கட்டப்பட்டது. இது ஏதோ பழைய கதை மாதிரித் தெரியலாம், ஆனால் நமக்கு நேரடியாக உதைக்கும். ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்தது 2005-ல், 4.1 பதிப்பில். அதாவது 2003 விதிக்கு அப்படி ஒரு எழுத்து இருப்பதே தெரியாது. பைத்தானோடு கூடவே வரும் ஐடிஎன்ஏ கோடெக் (மாற்றித் தரும் பகுதி) இந்த 2003 விதிதான், ஜாவாவின் உள்ளமைந்த ஐடிஎன் கிளாஸும் அதுவேதான். பைத்தானில் தனியாக நிறுவிக்கொள்ளும் ஐடிஎன்ஏ பேக்கேஜ் 2008 விதிப்படி நடக்கும். அதிலும் யூடிஎஸ் 46 வேண்டும் என்று நாமாக ஒரு விருப்பத்தை ‘ஆம்’ என்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்கும் வேலையைக்கூடச் செய்யாமல் பிழை எறியும். நோடில் யூஆர்எல் கிளாஸே எல்லாவற்றையும் செய்து ஹோஸ்டை ப்யூனிகோடாகக் கொடுத்துவிடும், தனி ப்யூனிகோட் மாட்யூலை அவர்கள் கைவிடச் சொல்லிவிட்டார்கள். கோ மொழியில் யூஆர்எல் பேக்கேஜ் ஹோஸ்டைத் தொடாது, ஐடிஎன்ஏவுக்குத் தனி பேக்கேஜ். பிஹெச்பியிலும் பார்ஸ் செய்யும் ஃபங்க்ஷன் உடைத்துத் தருவதோடு சரி, மாற்றுவதற்கு இன்டிஎல் எக்ஸ்டென்ஷன் வேண்டும். ஜாவாவின் யூஆர்ஐ கிளாஸில் தமிழ் ஹோஸ்டைக் கொடுத்துவிட்டு ஹோஸ்ட் என்ன என்று கேட்டால் வெற்று மதிப்பு வரும், பிழை வராது, அதனால் கவனிக்காமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

நான்காம் படி: நார்மலைசேஷன், அது செய்யாத வேலைகள்

யூடிஎஸ் 46 முதலில் எழுத்துகளை மேப் செய்யும் (சிலவற்றுக்குப் பதில் வேறு எழுத்தை வைக்கும்), பிறகு என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்குக் கொண்டுவரும். 3015, 3006 என்று தனித்தனியாக வந்த ‘சோ’ இங்கேதான் 3019 ஆக ஒன்றுசேரும். சித்தப்பா கடையின் இரட்டை இந்த ஒரு படியில் தீர்ந்தது. ஒகரக் குறியும் ஔகாரக் குறியும் இதே வழிதான்.

எல்லாம் இப்படிச் சேர்ந்துவிடாது. வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீபுரம் எல்லோருக்கும் தெரியும். அந்த ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாகத் தட்டலாம்: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்பது ஒன்று, ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்பது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு மாறாமல் ஒரே வடிவம். யூனிகோட் கணக்கில் இவை வேறு வேறு எழுத்துகள், என்எஃப்சி ஒன்றுசேர்க்காது, ப்யூனிகோடும் இரண்டாகவே வரும். உங்கள் லைப்ரரி இவற்றை ஒன்றாக்கக் கூடாது. டிஎன்எஸ்ஸில் இரண்டும் தனித்தனி முகவரி, நீங்கள் ஒன்றாக்கினால் ஒருவருடைய இணையதளத்துக்குப் போக வேண்டியவர் இன்னொருவருடையதில் போய் நிற்பார். பதிவு செய்யும் இடத்தில் தடுக்க வேண்டிய விஷயம் அது. பார்சர் செய்யக்கூடியது, கேட்டால் எச்சரிக்கை கொடுப்பது.

தமிழ் எண்களும் அப்படித்தான். ௧ என்பதையும் க என்பதையும் அவசரத்தில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், ௨-உ, ௭-எ, ௮-அ எல்லாம் அதே கதை. லேபிளில் தமிழ் எண் செல்லுபடியாகும், 1 ஆகவோ 2 ஆகவோ மேப் ஆகாது.

கண்ணுக்கே தெரியாத ஒன்றும் உண்டு. லக்ஷ்மி என்று பெயர் வைத்த கடை இல்லாத தெரு நம் பக்கம் இல்லை. சில கீபோர்டுகள் க், ஷ இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் அகலமில்லாத ஒரு பிரிப்பான் குறியை வைத்துவிடும், அதன் எண் 8204. 2003 விதி அதை அழித்துவிடும். 2008 விதி, மெய்யெழுத்தின் புள்ளிக்கு அடுத்து வந்தால் அதைச் செல்லும் என்று வைத்துக்கொள்ளும், வேறு இடத்தில் வந்தால் பிழை. ஆகவே பழைய விதியில் ஒன்றாக இருந்த இரண்டு லக்ஷ்மிகள் புதிய விதியில் இரண்டு டொமைன். யூடிஎஸ் 46-ல் இதற்கென்றே ‘இடைக்காலச் செயல்முறை’ என்று ஒரு விருப்பம் இருந்தது. பிரவுசர்கள் இப்போது அதை அணைத்தே வைத்திருக்கின்றன, நீங்களும் அணைத்துவிட்டு, இந்தப் பிரிப்பான் போன்ற குறிகள் சரியான இடத்தில் வருகின்றனவா என்று பார்க்கும் ‘இணைப்பான் சோதனை’யை மட்டும் ‘ஆம்’ என்று வையுங்கள்.

ஐந்தாம் படி: மாற்றிய பிறகு மறுபடி சோதியுங்கள்

வரிசை முக்கியம் என்று சொன்னேனே, அது பாதுகாப்புக்காக. ஜப்பானிய கீபோர்டில் வரும் அகல எண்களும் வட்டத்துக்குள் இருக்கும் எண்களும் மேப்பிங்கில் சாதாரண எண்ணாகிவிடும், அவர்கள் பயன்படுத்தும் முற்றுப்புள்ளியும் நம் சாதாரண முற்றுப்புள்ளியாகும். 127.0.0.1 (நிரல் ஓடும் கணினியையே குறிக்கும் ஐபி முகவரி) என்பதை அகல எண்ணில் எழுதி அனுப்பினால், மாற்றுவதற்கு முன்னால் ‘இது ஐபி இல்லை’ என்று விடும் நிரல், மாற்றிய பிறகு உங்கள் சர்வரையே போய்த் தட்டும். 2019-ல் பைத்தானின் யூஆர்எல் உடைக்கும் ஃபங்க்ஷனில் இதே இனத்துக் குறை ஒன்று திருத்தப்பட்டது: ஒற்றைக் குறியாக இருக்கும் சில சின்னங்கள் என்எஃப்கேசி என்ற இன்னொரு சீர்வடிவத்தில் சாய்கோடு, கேள்விக்குறி போன்றவையாக உடைந்து, ஹோஸ்ட் எங்கே முடிகிறது என்பதையே மாற்றிவிட்டன. இப்போது அப்படிப்பட்ட ஹோஸ்டை பைத்தான் பிழை சொல்லித் தள்ளிவிடும்.

முன்னொட்டோடு வரும் லேபிளையும் நம்பாதீர்கள். அதை அவிழ்த்து, செல்லும் எழுத்துகள்தானா என்று பார்த்து, திரும்ப மாற்றினால் அதே ஸ்ட்ரிங் வருகிறதா என்று பாருங்கள். 2024-ல் ரஸ்டின் ஐடிஎன்ஏ பேக்கேஜில் வெளியான குறை இந்த வகைதான்: அவிழ்த்தால் வெறும் ஆங்கில எழுத்தாக வரும் போலி லேபிள்களை அது ஏற்றுக்கொண்டிருந்தது. ஒப்பிடும்போது இரண்டு வேறு ஸ்ட்ரிங்குகள் ஒரே ஹோஸ்ட் ஆகிவிடும் ஆபத்து. 1.0 பதிப்பில் சரிசெய்தார்கள்.

தமிழுக்கு முக்கியமான ஒரு சோதனை: லேபிள் கொம்பிலோ காலிலோ மெய்ப்புள்ளியிலோ தொடங்கக் கூடாது. யாராவது ஸ்ட்ரிங்கை நடுவில் வெட்டியிருந்தால் இப்படி வரும், லைப்ரரி பிழை சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: வைத்துக்கொள்வது ஒன்று, காட்டுவது இன்னொன்று

உள்ளே சேமிப்பதும் ஒப்பிடுவதும் அனுமதிப் பட்டியலில் தேடுவதும் ஆஸ்கி வடிவத்தில்தான். மனிதருக்குக் காட்டும் இடத்தில் மட்டும் தமிழ். சித்தப்பாவுக்கு அவர் பில்லில் எக்ஸ், என் என்று தொடங்கும் ஒரு வரி வந்தால் அது அவர் கடை என்று அவருக்கே தெரியாது. ஆகவே உங்கள் லைப்ரரியில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயரில் தனித்தனி ஃபங்க்ஷன் வையுங்கள், ஒரே ஃபங்க்ஷன் சில நேரம் இதையும் சில நேரம் அதையும் தருவது மாதிரி வைக்காதீர்கள்.

காட்டும்போதும் ஒரு கவனம் வேண்டும். 2017-ல் ஒரு ஆய்வாளர் ஆப்பிள் நிறுவனத்தின் பெயரை முழுக்க சிரிலிக் எழுத்துகளால் எழுதிப் பதிவு செய்து காட்டினார், பிரவுசரில் பார்க்க அசல் மாதிரியே இருந்தது. ஒரே லேபிளில் தமிழும் வேறு மொழி எழுத்தும் கலந்திருந்தால் ஆஸ்கி வடிவத்தையே காட்டிவிடுவது நல்லது. முழுக்கத் தமிழாக இருந்தால் தமிழில் காட்டுங்கள். பயந்துகொண்டு எல்லாவற்றையும் ஆஸ்கியில் காட்டினால், தமிழில் பெயர் வாங்கியவர் எதற்காக வாங்கினார்?

ஏழாம் படி: டெஸ்டில் நம் பெயர்களைப் போடுங்கள்

நீங்கள் அனுப்பும் முதல் திருத்தம் இதுவாகவே இருக்கலாம், நிரலைத் தொடக்கூட வேண்டாம். பெரும்பாலான லைப்ரரிகளில் ஜெர்மனுக்கும் சீனத்துக்கும் டெஸ்ட் இருக்கும், தமிழ் இருக்காது. வேலூர் போடுங்கள், முன்னொட்டோடு 15 எழுத்து வருகிறதா பாருங்கள். .இந்தியா மட்டும் தனியாக 17 எழுத்து வர வேண்டும். .இலங்கை, .சிங்கப்பூர் இரண்டும் நிஜமாகப் பயன்பாட்டில் இருக்கும் தமிழ் முடிவுகள், அவற்றையும் சேருங்கள். ‘சோளிங்கர்’ இரண்டு விதத் தட்டச்சிலும் ஒரே விடை தர வேண்டும். ஸ்ரீபுரம் இரண்டு விதத்திலும் வேறு விடை தர வேண்டும். லக்ஷ்மி பிரிப்பானோடும் பிரிப்பான் இல்லாமலும். அதே பிரிப்பான் வ, ல நடுவே மெய்ப்புள்ளி இல்லாத இடத்தில் வந்தால் பிழை. மெய்ப்புள்ளியில் தொடங்கும் லேபிள், பிழை. 63-ஐத் தாண்டும் நீளமான பெயர் ஒன்று, அது யூனிகோடாக எண்ணினால் 63-க்குள் இருக்கும்படி பார்த்து எழுதுங்கள், அப்போதுதான் எதை எண்ணுகிறார்கள் என்று வெளிவரும்.

டெஸ்ட் கோப்பில் இந்தப் பெயர்களை எழுத்தாக எழுதினால் உங்கள் எடிட்டரே சேமிக்கும்போது சீர்வடிவத்துக்கு மாற்றிவிடக்கூடும், அப்புறம் டெஸ்ட் எதையும் சோதிக்காமலேயே பச்சையாக நிற்கும். குறியெண்களாகவே எழுதுங்கள், பக்கத்தில் கமெண்டில் தமிழ்.

பழைய தரவு இருந்தால் கடைசியாக ஒரு வேலை பாக்கி. திருத்திய பார்சரைப் போட்டுவிட்டால் இனி வருவதுதான் சரியாகும், ஏற்கெனவே சேர்ந்தது அப்படியே கிடக்கும். ஒவ்வொரு வரியையும் எடுத்து ஆஸ்கி வடிவத்தைப் புதிய நெடுவரிசையில் எழுதி, ஒரே விடை வரும் வரிகளைத் தனியாகப் பட்டியல் எடுங்கள், நிரலை விட்டு அழிக்கவிடாமல் கண்ணால் பார்த்துச் சேருங்கள், அதன் பிறகு அந்த நெடுவரிசையில் ஒரே மதிப்பு இரண்டு தடவை வராதபடி தனித்தன்மைக் கட்டுப்பாடு போடுங்கள். நாங்கள் ஓட்டியபோது சித்தப்பா கடையோடு ஆற்காட்டு மிட்டாய்க் கடை ஒன்றும் ஆம்பூர்ச் செருப்புக் கடை ஒன்றும் இரட்டையாகக் கிடைத்தன. செருப்புக் கடைக்காரர் இரண்டில் ஒரு வரியில்தான் புது போன் நம்பரை மாற்றியிருந்தார். எதை வைத்துக்கொள்வது என்று அவருக்கே போன் போட்டுக் கேட்டோம்.